அண்ணாச்சியிடம் கேளுங்க: அந்தப் பெட்டிக்குள்ளே என்னதான் நடக்குது?

சென்ற இதழில் ஒரு மிக்ஸி கேள்விக்குப் பதில் எழுதும்போது, "நேற்று வைத்த சாளைக் குழம்பை நான் மைக்ரோவேவில்தான் சூடு பண்ணுவேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மிக்ஸியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "அண்ணாச்சி, நீங்களுமா?" என்ற ரகம். ஏதோ நான் ஒளிந்து நின்று சாராயம் குடித்து மாட்டிக்கொண்ட மாதிரி. அதனால் இந்த முறை முழுக்க அந்தப் பெட்டிதான்.

என் தகுதியைக் கேட்பவர்களுக்கு: படிப்பு ஐ.டி.ஐ. செங்கோட்டையில் 30 வருஷம் ரிப்பேர் கடை. முதல் மைக்ரோவேவ் என் மேஜைக்கு வந்தது 1994-ல், ஆரியங்காவு தாண்டி புனலூரிலிருந்து. சவுதியிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து, வீட்டு பிளக்கில் செருகி, சுவிட்சைத் தட்டிய மறு நொடி புகை. 127 வோல்ட்டுக்குச் செய்த பெட்டியை நம் 230-ல் செருகினால் வேறென்ன ஆகும்? அதைப் பிரித்துப் போட்டு, மூன்று வாரம் முழித்துத்தான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன்.

"என் மாமியார் மைக்ரோவேவில் வைத்த எதையும் தொட மாட்டார். கதிர்வீச்சு சோற்றில் தங்கிவிடும், புற்றுநோய் வரும், ரஷ்யாவில் தடை செய்துவிட்டார்கள் என்கிறார். பெட்டி ஓடும்போது என் மகளை முற்றத்துக்கு அனுப்பிவிடுகிறார். உண்மையா அண்ணாச்சி?" (தென்காசி வாசகி)

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன் தங்கச்சி. குழப்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது. நெல்லிலும் கதிர், சூரியனிலும் கதிர், பக்கத்து மாவட்டம் கூடங்குளம் பற்றிப் பேப்பரில் எழுதினாலும் கதிர்வீச்சு. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, பயப்படாதே என்றால் யார் கேட்பார்கள்?

மைக்ரோவேவ் என்பது ரேடியோ அலையின் தம்பி. ஒரு அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். எக்ஸ்ரேக்கும் அணு உலைச் சமாசாரத்துக்கும் அணுவிலிருந்து எலெக்ட்ரானைத் தட்டிப் பறிக்கிற வலு உண்டு. உடம்பின் உள்கட்டமைப்பில் கைவைப்பது அந்த வலுதான். இந்த அலைக்கு அது கிடையாது. உங்கள் வீட்டுப் பச்சை விளக்கின் வெளிச்சத்தில் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டால், மைக்ரோவேவின் ஒரு துணுக்கு அதைவிட இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் வலுக்குறைந்தது. துணுக்குகள் ஏராளமாக வருவதால் சூடு உண்டாகிறது, அவ்வளவே. சோற்றில் தங்குமா என்றால், லைட்டை அணைத்த பிறகு அறைக்குள் வெளிச்சம் தங்குகிறதா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அதற்காக அந்த அலை விளையாட்டுப் பொருளும் ஆகாது. நம் உடம்பிலும் தண்ணீர் இருக்கிறது. அலை வெளியே கொட்டினால் சுடும், முக்கியமாகக் கண்ணை. அதனால்தான் கதவு அவ்வளவு கெட்டியாக இருக்கிறது. கண்ணாடிக்குள் ஒரு துளைத் தகடு தெரிகிறதே, அந்த ஓட்டைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். 12 சென்டிமீட்டர் அலை அதற்குள் நுழையாது, வெளிச்சம் நுழையும். அமெரிக்காவில், பெட்டியின் ஆயுள் முழுக்க, 5 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால் கசிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது என்று விதி. தள்ளிப் போகப் போக அதுவும் வேகமாகக் குறையும்.

கதவுக்குப் பின்னால் வழக்கமாக மூன்று சின்ன சுவிட்சுகள் இருக்கும். இரண்டு, கதவு திறந்ததும் கரண்டை வெட்டும். அந்த இரண்டும் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போனால், மூன்றாவது வேண்டுமென்றே ஷார்ட் ஆக்கி ஃப்யூஸை எரித்துப் பெட்டியையே கொன்றுவிடும். தன்னைக் கெடுத்துக்கொண்டு உங்களைக் காப்பாற்றும் சாமான் அது. நான் பார்த்த எந்த மிக்ஸியிலும் அந்த விசுவாசம் கிடையாது. கதவு கோணிப்போனது, கீல் ஆடுவது, விளிம்பு துருப்பிடித்தது என்றால் மட்டும் ஓட்டாதீர்கள். மற்றபடி பேத்தி முற்றத்துக்குப் போக வேண்டாம்.

ரஷ்யத் தடை வாட்ஸ்அப் சரக்கு. 1976 என்று வருஷம்கூடப் போட்டு வரும், அப்படி ஒரு சட்டத்தை யாரும் எடுத்துக் காட்டியதில்லை. இன்னொன்றும் சுற்றுகிறது: மைக்ரோவேவில் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் ஊற்றிய செடி செத்துவிடுமாம். என் மாடியில் இரண்டு வெண்டைத் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஊற்றிப் பார்த்தேன். இரண்டுமே காய்த்தன. காய்களைக் குரங்கு தின்றுவிட்டுப் போனது. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

"இது உள்ளேயிருந்து வெளியே வேகவைக்கும் என்கிறார்களே, எப்படி?" (புனலூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை)

டீச்சர், நீங்கள் சீசனுக்குக் குற்றாலம் வந்திருப்பீர்கள். மெயின் அருவியில் கூட்டம் நிற்கும். போலீஸ்காரர் விசில் ஊதி "இந்தப் பக்கம் வா" என்பார், உடனே "அந்தப் பக்கம் போ" என்பார். ஒவ்வொரு விசிலுக்கும் கூட்டம் திரும்பும், முழங்கையும் முழங்கையும் இடிக்கும், எண்ணெய் தேய்த்த உடம்புகள் உரசும்.

தண்ணீர் மூலக்கூறு அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். அதன் ஒரு முனை கொஞ்சம் நேர்மின், மறுமுனை கொஞ்சம் எதிர்மின். அலையின் மின்புலம் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். புலமோ நொடிக்கு 245 கோடி தடவை போய்ப் போய்த் திரும்புகிறது. விசில் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், பக்கத்து மூலக்கூறோடு இடித்துப் பிடித்து உருள்கிற அந்தத் தள்ளுமுள்ளுதான் சூடு. உப்பு கலந்திருந்தால் உப்பின் மின்துகள்களும் இங்குமங்கும் ஓடி அவை பங்குக்கு இடிக்கும்.

உள்ளேயிருந்து வெளியே என்பது தப்பு. அலை வெளியிலிருந்துதான் நுழைகிறது, போகப் போகத் தளர்கிறது. ஈரமான சாப்பாட்டில் ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டருக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்குள்ளே இருப்பதற்கு, அடுப்பில் போலவே, சூடு மெல்லப் பரவித்தான் சேர வேண்டும். பிறகு ஏன் அந்தப் பேச்சு வந்தது? ஜாம் வைத்த பன்னைச் சூடு பண்ணிப் பாருங்கள். மேல்ரொட்டி காய்ந்தது, அதில் தண்ணீர் குறைவு. உள்ளே ஜாமில் ஈரமும் சர்க்கரையும் நிறைய. பன் வெதுவெதுப்பாக இருக்கும், ஜாம் நாக்கைப் பொத்துவிடும். பெட்டிக்குள் காற்றும் சூடாவதில்லை, அதனால் மேலே மொறுமொறுப்பு வராது. சுண்டக்கறிப் பிரியர்களுக்கும் இதுதான் பதில்: சூடு வரும், மண்சட்டியில் சுண்டுகிற மாதிரி சுண்டாது.

இன்னொரு கதை, அந்த 245 கோடி என்ற எண் தண்ணீருக்கென்றே கண்டுபிடித்த எண் என்பது. இல்லை. சாதாரண வெப்பத்தில் தண்ணீர் அலையை மிக நன்றாக விழுங்குவது இதைப்போல ஏழெட்டு மடங்கு வேகத்தில். அந்த வேகத்தில் பெட்டி செய்திருந்தால், எல்லாச் சூட்டையும் மேல்தோலே விழுங்கி, உருளைக்கிழங்கின் உள்ளே ஒன்றும் போகாது. ரேடியோ, தகவல் தொடர்பு எதற்கும் இடைஞ்சல் இல்லாமல் தொழிற்கூடங்களுக்கு என்று உலக நாடுகள் ஒதுக்கிய இடங்களில் ஒன்று இது. அதில் சமைக்க முடிந்தது நம் அதிர்ஷ்டம்.

"மிட்டாய் உருகித்தான் கண்டுபிடித்தார்கள் என்பது கதையா? திராட்சையை வைத்தால் தீப்பிடிக்குமாமே?" (கடையநல்லூர், பிளஸ் டூ மாணவன்)

மிட்டாய் நிஜம் தம்பி. 1940-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் ரேடாருக்காக ஒரு மேக்னட்ரானை, அதாவது இந்த அலையைக் கிளப்பும் குழலை, உருவாக்கினார்கள். போர்க்காலம். அது அமெரிக்காவுக்குப் போனது. அங்கே ரேதியான் கம்பெனியில் பெர்சி ஸ்பென்சர் அதன் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியது. அடுத்து மக்காச்சோளத்தை வைத்தார், பொரிந்தது. 1945-ல் காப்புரிமைக்கு மனு, 1950-ல் கிடைத்தது. 1947-ல் வந்த முதல் பெட்டி ஆள் உயரம், சுமார் 340 கிலோ, குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் வேறு. ஸ்பென்சர் பள்ளிக்கூடத்தையே முடிக்காதவர். இதை உன் அப்பாவிடம் மார்க் வாங்கும் நாளில் சொல்லாதே.

திராட்சையும் நிஜம். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு திராட்சைக்கு நடுவே மின்புலம் குவிந்து நெருப்புப் பந்து கிளம்பும். 2019-ல் கனடாவில் இயற்பியல்காரர்கள் இதை உட்கார்ந்து ஆராய்ந்து எழுதினார்கள். உன் அம்மாவின் பெட்டியில் வேண்டாம்.

"ஃபிரிட்ஜில் உறைந்த மத்தியை வைத்தால் ஓரம் வெந்துவிடுகிறது, நடுவில் ஐஸ். பெட்டி கெட்டுவிட்டதா சேட்டா?" (குமுளி வாசகி)

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது சேச்சி. (எங்கள் பக்கம் அது சாளை.) இதில் இரண்டு சங்கதி.

ஒன்று, ஐஸ். குற்றாலக் கூட்டம் நகர முடியாமல் இறுகி நின்றால் விசிலுக்கு யார் திரும்புவார்? ஐஸுக்குள் மூலக்கூறுகள் அப்படித்தான் கட்டுண்டு கிடக்கின்றன, அலை பெரும்பாலும் தொடாமல் போய்விடும். எங்கேயாவது ஓரத்தில் ஒரு சொட்டு உருகிவிட்டால், அந்தச் சொட்டு அலையை அள்ளி அள்ளிக் குடிக்கும். அது சூடாகிப் பக்கத்தையும் உருக்கும். பணக்காரன் மேலும் பணக்காரன் ஆகிற கதை. 'டீஃப்ராஸ்ட்' பொத்தான் செய்வது, அலையைக் கொஞ்ச நேரம் விட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி, சூடு பரவ இடைவெளி தருவது. அந்தப் பொத்தானை அழுத்துங்கள், பாதியில் மீனைத் திருப்பிப் போடுங்கள். 'பவர் பாதி' என்பதும் சாதாரணப் பெட்டிகளில் இதே வித்தைதான். உள்ளே அலை எப்போதும் முழு வேகம், நேரம்தான் பாதி. காதைக் கொடுத்துக் கேட்டால் 'ம்ம்ம்' என்ற உறுமல் வந்து வந்து நிற்பது தெரியும்.

இரண்டு, அலை இரும்புச் சுவரில் மோதித் திரும்பி, தன்னோடு தானே மோதிக்கொள்கிறது. சில இடத்தில் கூடும், சில இடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். கண்ணாடித் தட்டு சுற்றுவது இதற்காகத்தான். நம்பவில்லையா? தட்டையும் சுழலும் உருளையையும் எடுத்துவிட்டு, பச்சை அப்பளங்களை ஒரு பெரிய பீங்கான் தட்டில் பரப்பி 20, 30 நொடி விடுங்கள். சில திட்டுகள் வெள்ளையாகப் பொரிந்திருக்கும், நடுவே பச்சையாகவே கிடக்கும். பொரிந்த திட்டுகளுக்கு இடையே ஸ்கேல் வைத்தால் சுமார் 6 சென்டிமீட்டர் வரும், அது பாதி அலை. இரண்டால் பெருக்கி 12, அதை 245 கோடியால் பெருக்குங்கள். நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர், ஒளியின் வேகம்! என் பேரன் அளந்தது 6.4 வந்தது. ஒரு அப்பளக் கட்டுக்கு அது போதும்.

இந்தத் திட்டுச் சூட்டினால்தான் குழந்தையின் பால் புட்டியை இதில் வைக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். புட்டி கைக்கு இதமாக இருக்கும், பாலின் நடுவில் ஓரிடம் வாயைச் சுடும் அளவு காய்ந்திருக்கும்.

"எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வைத்தால் வெடிக்குமா?" (புளியரை வாசகர்)

பெட்டியின் சுவரே இரும்புத் தகடுதானே, அது வெடிக்கிறதா? பாத்திரம் அலையைத் திருப்பி அனுப்பும், உள்ளே இருக்கும் சோறு குளிர்ந்தே கிடக்கும். பொறி பறப்பது கூர்முனையிலும் மெல்லிய தகட்டிலும்: முள்கரண்டி, கசங்கிய அலுமினியத் தாள், தங்க விளிம்புப் பீங்கான். அந்தத் தங்க விளிம்பால் என் கடைக்கு வந்த பெட்டிகள் கொஞ்சநஞ்சமில்லை. வளைகுடாவிலிருந்து வந்த விருந்துத் தட்டு, விருந்தாளி வந்த அன்றைக்கே வேலையைக் காட்டிவிடும்.

அதைவிட அதிகம் வந்தது மைக்கா ஷீட் கருகிய கேஸ். உள்சுவரில் அட்டை மாதிரி ஒன்று இருக்கும், அலை அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. குழம்பு தெறித்து, துடைக்காமல் விட்டால், அந்தக் கறையே சூடாகிக் கரியாகி, கரி பொறி கக்கும். "பெட்டி தீப்பிடிச்சிட்டு அண்ணாச்சி" என்று ஓடிவருவார்கள். ஈரத் துணியால் துடைத்திருந்தால் என் வருமானம் குறைந்திருக்கும்.

"பரோட்டா பார்சலில் வரும் சால்னாவை கவரோடு வைக்கலாமா?" (இலத்தூர்)

கூடாது. சால்னாவின் எண்ணெய் கொதிநீரைவிட அதிகம் சூடேறும், கவர் இளகும், இளகியது சால்னாவில் சேரும். பீங்கான் கிண்ணத்தில் ஊற்றுங்கள். வாழையிலைப் பொதியை இலையோடே வைக்கலாம், இலை வாடி மணமும் வரும். பேப்பர் சுற்றையும் ரப்பர் பேண்டையும் கழற்றிவிடுங்கள்.

"கப்பையை மைக்ரோவேவில் வேகவைத்தால் சத்து போகாமல் இருக்குமே?" (குளத்துப்புழை வாசகி)

கீரை, பீன்ஸ் என்றால் ஆமாம் என்பேன். வைட்டமின் சி மாதிரி தண்ணீரில் கரைகிற சத்து, நிறைய ஊற்றி வேகவைத்து வடித்துக் கொட்டும்போது வடிநீரோடு போய்விடும். மைக்ரோவேவில் தண்ணீரும் கொஞ்சம், நேரமும் கொஞ்சம், அதனால் அதிகம் மிஞ்சும்.

நீங்கள் கேட்ட கப்பைக்கு, எங்கள் பக்கம் மரச்சீனி, அதே காரணத்தால் வேண்டாம். அந்தக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. உங்கள் அம்மாவும் பாட்டியும் நறுக்கிப் போட்டு, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடித்துக் கொட்டியது அதற்காகத்தான். போகவேண்டியதும் தங்கிவிடும் இடத்தில் சத்து தங்கி என்ன பிரயோஜனம்? அடுப்பிலேயே வேகவையுங்கள், மீன் குழம்பை வேண்டுமானால் பெட்டியில் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

"கட்டன் சாயாவுக்கு வெந்நீர் வைத்தேன். கொதிக்கவே இல்லை. தூளைப் போட்டதும் பீறிட்டுக் கையெல்லாம் கொப்பளம். ஏன்?" (பாலக்காடு, விடுதி மாணவர்)

பாத்திரம் புதிதாக, வழவழப்பாக இருந்திருக்கும். அடுப்பில் அடியிலிருந்து குமிழ் கிளம்பும். இங்கே குமிழ் பிடிக்க ஒரு சொரசொரப்பும் இல்லாவிட்டால், தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் சத்தமில்லாமல் நிற்கும். தூளோ கரண்டியோ உள்ளே போனதும் எல்லாக் குமிழும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஒரு மரக்குச்சியைப் போட்டுவிட்டுச் சூடு பண்ணு, முடிந்ததும் அரை நிமிஷம் தொடாதே. முட்டையை ஓட்டோடு வைக்காதே. கொப்பளத்தை உடைக்காதே தம்பி.

"பெட்டி ஓடும்போது வைஃபை நின்றுவிடுகிறது." (சுரண்டை)

இரண்டும் ஒரே அலைவரிசைப் பக்கம். பெட்டியின் கசிவு உடம்புக்குப் பொருட்டே இல்லாத அளவு என்றாலும், வைஃபை அதைவிட மெல்லிய குரலில் பேசுகிறது. ரூட்டரைத் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

"பழைய மைக்ரோவேவ் பெட்டியின் டிரான்ஸ்பார்மரை எடுத்து மரப்பலகையில் மின்னல் கோலம் போடும் வீடியோ பார்த்தேன். எப்படிக் கழற்றுவது அண்ணாச்சி?" (மார்த்தாண்டம்)

சொல்ல மாட்டேன். அதைச் செய்து பலர் செத்திருக்கிறார்கள், தொழில் தெரிந்தவர்களும் அதில் உண்டு.

அலைக்குப் பயந்து ஓடுகிற சனம் பயப்பட வேண்டிய இடம் அந்த மூடிக்குப் பின்னால் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் தருவது 2,000 வோல்ட் சுற்றுவட்டாரம். பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டை வைத்துக்கொண்டிருக்கும். அதை இறக்க உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் உண்டு, அது செத்திருந்தால் வெளியே தெரியாது.

1998-ல் ஒரு மழைநாள். பிளக் பிடுங்கி அரைமணி நேரம் ஆகிவிட்டது என்ற தைரியத்தில் கை வைத்தேன். கண் விழித்தபோது ஸ்டெபிலைசர்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தேன், எதிர்க்கடை டீ மாஸ்டர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். இடது கை ஒரு வாரம் என் பேச்சைக் கேட்கவில்லை. அடி ஒரே கையில் ஏறி இறங்கியதால் பிழைத்தேன், நெஞ்சு வழியாகப் போயிருந்தால் இந்தப் பகுதியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். அன்றிலிருந்து அந்தப் பெட்டியைப் பிரித்தால் ஒரு கை பின்பாக்கெட்டில்தான் இருக்கும். கடையை இப்போது பார்க்கும் மகனுக்கும் அதே சட்டம்.

"புனலூரில் ஒருவர் பழைய பெட்டியை 2,500 ரூபாய்க்குத் தருகிறார். நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?" (தென்மலை)

முதலில் கதவு, கீல், உள்விளிம்பு. பிறகு ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், அவ்வளவு போதும். தண்ணீரின் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு முழு பவரில் ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். நன்றாகக் கலக்கி மறுபடி பாருங்கள். எத்தனை டிகிரி ஏறியதோ அதை 70-ஆல் பெருக்கினால் பெட்டி உண்மையில் தரும் வாட் வந்துவிடும். 10 டிகிரி ஏறினால் 700. பின்னால் ஒட்டிய சீட்டில் 800 என்று போட்டு, உங்களுக்கு 5 டிகிரிதான் ஏறியது என்றால் மேக்னட்ரான் கிழண்டுவிட்டது, அதை மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். வெறும் பெட்டியை ஓட்டிக் காட்டுகிறேன் என்று அவர் சொன்னால் விடாதீர்கள், விழுங்க ஆள் இல்லாத அலை மேக்னட்ரானுக்கே திரும்பிப் போகும். தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள்.